உன் கடவுச்சீட்டு தொலையவில்லை, மகனே

தமிழ்ப் பெருமக்களே! மோர்டனிலும் குட்மேய்சிலும் இந்த இலண்டன் மாநகரின் தெருக்கள் அனைத்திலும் வாழும் என் உறவுகளே! உங்களை நோக்கியே பேசிப் பழகிய நாவினால் இன்று என் மகனை நோக்கிப் பேசுகிறேன். உடனிருந்து கேளுங்கள். மகனே, உன்மீது எனக்கொரு முறையீடு உண்டு. வரும் திங்கட்கிழமை நெதர்லாந்துத் தூதரகத்துக்குச் சென்று, உன் கடவுச்சீட்டு தொலைந்துவிட்டதென்று கையொப்பமிட்டுக் கொடுக்கப் போகிறாய் என்று அறிந்தேன். அது தொலையவில்லை. என் படுக்கையறை அலுமாரியின் அடித்தட்டில், பச்சை இரும்புப் பெட்டிக்குள், இரண்டு ஆண்டுகளாக ஒருமுறையேனும் விரிக்கப்படாமல் கிடக்கிறது. அது எங்கே கிடக்கிறதென்பது உனக்கும் தெரியும். பெற்ற தந்தையிடம் ஒரு சொல் கேட்பதைவிட, தொலைந்தது என்று ஓர் அரசுக்கு எழுதிக் கொடுப்பது உனக்கு எளிதாகிவிட்டதே, அதுதான் என் முறையீடு. அதை உனக்கு எளிதாக்கியவன் நானே என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

செய்தி எனக்கு எப்படி வந்தது தெரியுமா? சென்ற வெள்ளிக்கிழமை உன் அம்மா ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போயிருந்தாள். உணவு வாங்கும் வரிசையில் உன் வருங்கால மாமியார் நின்றிருக்கிறார். பினாங்கிலிருந்து படிக்க வந்து முப்பது ஆண்டுகள் இங்கேயே தங்கிவிட்டாலும் பேச்சில் அந்தக் கடற்கரை இன்னும் மாறவில்லை. "என்னாங்க சம்பந்தி, மாப்பிள்ளை பாஸ்போர்ட் தொலைஞ்சிடுச்சாமே? அடுத்த வாரம் முடிஞ்சு திங்கட்கிழமை எம்பசியில எழுதிக் குடுக்கப் போறாராம். கல்யாணத்துக்கு நேரத்தோட பினாங்கு வந்திடுவாருல்ல?" என்று கேட்டிருக்கிறார். உன் அம்மா வரிசையை விட்டு விலகினாள். ஆர்ச்வேயிலிருந்து மோர்டன் வரை வடக்குத் தடச் சுரங்கத் தொடருந்தில் அந்த நீண்ட வழியை அந்தக் கேள்வியோடு கடந்து வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் என்முன் நின்றாள். "உங்கடை மோன் அந்தப் பெட்டிக்குப் புதுப்பேர் வைச்சிருக்கிறான். தொலைஞ்ச இடமாம்" என்றாள். இருபத்தேழு ஆண்டு மணவாழ்வில் என்னை இவ்வளவு சுருக்கமாக யாரும் மறுத்துப் பேசியதில்லை.

இதை உனக்குத் தனியாக எழுதாமல் இதழுக்கு ஏன் அனுப்பினேன் என்று நீ கேட்கலாம். ஒலிவாங்கி இல்லாமல் அப்பாவுக்குப் பேச வராது என்று நண்பர்களிடம் சிரிப்பாய், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் நான் செய்த பிழையின் வேர் ஒரு மேடையில் இருக்கிறது. முந்நூறு பேர் கைதட்டிய ஒரு பேச்சை நான்கு சுவர்களுக்குள் திரும்பப் பெறுவது நேர்மையாகாது. எந்த மக்கள் முன்னே முழங்கினேனோ, அவர்கள் முன்னேயே அதை மீட்டுக்கொள்கிறேன். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் உன்னை நான்காம் வகுப்போடு நிறுத்தியதற்கு நானும் ஒரு காரணம். கடினமான இடங்களை உன் வருங்கால மனைவி மலர்விழி படித்துச் சொல்லட்டும். பெயரைக் கேட்ட அன்றே எனக்குப் பிடித்துப்போன பெண் அவள்.

முதலில், இனிமையான ஒன்று. உனக்கு எட்டு ஒன்பது வயது. நாம் அப்போது நெதர்லாந்தின் கிழக்கோரத்தில், கண்ணாடித் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் இருந்தோம். உன் அம்மாவும் நானும் அங்கே பூ வெட்டினோம். வார இறுதிதோறும் எல்லை கடந்து செருமனியில் டோட்மண்ட் நகரில் இருந்த உன் மாமி வீட்டுக்குப் போவோம். என் அக்காவுக்கு உன்மேல் இருந்த அன்பை நான் விளக்க வேண்டியதில்லை. உன் அம்மா நோயுற்றுக் கிடந்த ஓராண்டு முழுதும் உன்னைத் தன் வீட்டில் வைத்துக் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கு அனுப்பியவர் அவர். எல்லையில் ஒரு காவற்கூண்டு வெறுமையாக நிற்கும். ஆளில்லாத அந்தக் கூண்டருகே நான் ஒவ்வொரு முறையும் வண்டியை மெதுவாக்குவேன், சட்டைப்பையில் இருந்த கடவுச்சீட்டுகளை ஒரு கையால் அழுத்திப் பிடிப்பேன். நீயோ பின்னிருக்கையிலிருந்து உன் பள்ளி நூலக அட்டையைக் கண்ணாடியில் ஒட்டி, கூண்டுக்கு உயர்த்திக் காட்டுவாய். இந்த விளையாட்டை நீ மாமியிடம் சொல்லிவிட்டாய். அதன்பின் அவர் கதவைப் பாதிதான் திறப்பார். "அட்டை இருக்கோ?" என்று முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்பார். நீ நூலக அட்டையை நீட்டுவாய். அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "படம் வடிவாயில்லை, ஆள் வடிவாயிருக்கிறார், உள்ளை விடலாம்" என்று தீர்ப்பளிப்பார். நீயும் அவரும் சிரிப்பீர்கள். நான் மட்டும் சிரிக்கமாட்டேன். ஏனென்று உனக்கு நான் சொன்னதே இல்லை. இன்று சொல்கிறேன்.

எனக்கு இருபத்து மூன்று வயது. கொழும்பு செல்லும் பேருந்தில் நானும் குணாவும் அருகருகே இருந்தோம். குணா என் கல்லூரித் தோழன். சோதனைச் சாவடியில் வண்டியை மறித்து ஒரு படையாள் ஏறினான். எல்லோருடைய அடையாள அட்டைகளையும் ஒன்றாக வாங்கி அடுக்கினான். பிறந்த ஊர் எதுவென்று அட்டையில் இருக்கும். அதைப் படித்தால் போதும், வேறெதுவும் கேட்க வேண்டியதில்லை. குணாவை இறங்கச் சொன்னான். ஐந்து மணித்துளி உசாவல் என்றான். பின்பு அட்டைகளைத் திருப்பித் தந்தபோது என்னுடையதோடு குணாவினதையும் சேர்த்து என் கையில் வைத்துவிட்டான். நான் சன்னல் வழியே கூப்பிடுவதற்குள் பேருந்து நகர்ந்தது. அட்டை என்னோடு வந்தது. குணா எங்கும் வரவில்லை. அவன் தாயிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் துணிவு எனக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. பச்சைப் பெட்டியின் அடியில் துணி சுற்றிய ஒன்று கிடக்குமே, தொடக்கூடாது என்று உன்னை அதட்டுவேனே, அது அதுதான்.

ஆகவே, மகனே, உள்ளங்கை அளவு அட்டை ஒன்று உனக்கு எல்லையைத் திறக்கும் பொருள், எனக்கு அது ஆளைப் பேருந்திலிருந்து இறக்கும் பொருள். கடவுச்சீட்டோ வேறு. அது இல்லாமல் நான் பட்ட பாடுகள் உனக்குத் தெரியும். வேறொருவன் படம் ஒட்டிய சீட்டில் மூன்று நாடுகள் கடந்தேன். பின்பு ஏதிலிக்குரிய பயண ஏட்டோடு பத்தாண்டு அலைந்தேன். கடைசியில் குடியுரிமை கிடைத்து, நெதர்லாந்து அரசின் முத்திரை பதித்த அந்தச் சிறு நூல் கைக்கு வந்த நாளில், அதைக் கோயில் திருநீற்றுத் தட்டில் வைத்து எடுத்தவன் நான். அன்று வாங்கியதே பச்சைப் பெட்டி. வீட்டில் எவருடைய ஆவணமும் அதில்தான் இருக்க வேண்டும், திறவுகோல் என்னிடம்தான் இருக்க வேண்டும், பயணம் முடிந்து வந்தவர் கைகால் கழுவுமுன் ஆவணத்தை ஒப்படைக்க வேண்டும். இலண்டனுக்குக் குடிபெயர்ந்தபோதும் அந்தப் பெட்டியை ஏற்றுவண்டியில் ஏற்றவில்லை, மடியில் வைத்து வந்தேன். வேலைக்குச் சேர்ந்த பின் நீ தூதரகத்தில் உனக்கென ஓர் அடையாள அட்டை எடுத்து வந்தாய். ஐரோப்பாவுக்குள் போய்வர இது போதும் என்று மகிழ்ச்சியோடு காட்டினாய். அன்றே அதையும் வாங்கிப் பூட்டினேன். நீ சிரித்துக்கொண்டே கொடுத்தாய். அந்தச் சிரிப்பை நான் இணக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டாண்டுக்கு முன், இந்நாட்டு அரசு எல்லோருக்கும் அடையாள அட்டை தரப்போகிறோம், ஐரோப்பியப் பயணத்துக்கும் அதுவே போதும் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். மோர்டன் மண்டபத்தில் நான் பேசினேன். "இன்று கைக்கு அடக்கமான அட்டை, நாளை கழுத்துக்கு அடக்கமான கயிறு" என்றேன். அரங்கம் அதிர்ந்தது. ஓர் அரசு தன் மக்களை எண்ணிட்டு நிறுத்துவதைப் பற்றி அன்று நான் சொன்னவற்றுள் பல இன்றும் மெய் என்றே எண்ணுகிறேன். ஆனால் மெய்யான பேச்சும் பொய்யான வீம்புக்குத் தீனியாகும் என்பதை அன்று நான் அறியவில்லை. வீடு திரும்பும் வழியில் வண்டியை ஓட்டிக்கொண்டே நீ மெதுவாகச் சொன்னாய்: "அப்பா, என்ரை கயிறும் உங்கடை பெட்டிக்குள்ளைதான் கிடக்கு. கழுத்தை ஒண்டும் செய்யேல்லை." உன் அம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள். எனக்குச் சினம் மூண்டது.

அடுத்த வியாழக்கிழமை டோட்மண்டிலிருந்து மாமியின் மகள், உன் மச்சாள், தொலைபேசியில் அழுதாள். மாமிக்கு நெஞ்சடைப்பு. மருத்துவமனையில் கண் விழித்தவுடன் உன் பெயரைத்தான் கேட்டிருக்கிறார். உன் கடவுச்சீட்டு அப்போது புதுப்பிக்கத் தூதரகத்தில் கிடந்தது, வருவதற்கு இரண்டு கிழமையாகும். நீ மறுநொடியே சொன்னாய், அட்டை இருக்கிறது, அது போதும், நாளை முதல் தொடருந்தில் போகிறேன் என்று. நான் மாட்டேன் என்றேன். எல்லையில் மறித்தால் என்ன செய்வாய், இறக்கிவிட்டால் எவரைக் கூப்பிடுவாய் என்றேன். நீ பொறுமையாக விளக்கினாய். சட்டம் சொன்னாய், நண்பர்கள் போய்வந்த கதை சொன்னாய். கடைசியில் என்முன் கையை நீட்டினாய். "அப்பா, இது செக்பொயின்ற் இல்லை. மாமி கேக்கிறா. திறப்பைத் தாங்கோ." அந்தத் திறவுகோல், அவ்வளவுதான் கேட்டாய். அட்டையைத் தந்தால் ஒரு கிழமைக்கு முன் முழங்கியதெல்லாம் காற்றாகிவிடும் என்று என் உள்ளத்தின் ஒரு மூலை முணுமுணுத்ததை இன்று மறைக்கமாட்டேன். பாதி அச்சம், பாதி வீம்பு. நீ முதலில் போக வேண்டாம், நான் போய் நிலைமை பார்த்துச் சொல்கிறேன் என்று கூறி, வெள்ளி விடியலில் நான் மட்டும் புறப்பட்டேன்.

இனி நான் சொல்லப்போவது உன் அம்மாவுக்கும் நேற்றுவரை தெரியாது. அப்போது ஐரோப்பாவுக்கான தொடருந்து வாட்டர்லூ நிலையத்திலிருந்துதான் போகும். எல்லைச் சோதனை வரிசையில் எனக்கு முன்னே ஒருவன் நின்றான். காலணியெல்லாம் சுண்ணாம்புத் துளிகள், சுவர்ப் பூச்சு வேலைக்காரன் போலும். காற்சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினான். அலுவலர் பார்த்தார், தலையசைத்தார், திருப்பிக் கொடுத்தார். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே போய்விட்டான். அடுத்து நான் என் கடவுச்சீட்டை இரு கைகளாலும் நீட்டினேன். அதை ஒவ்வோர் ஏடாகப் புரட்டி, என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, எங்கே போகிறீர், ஏன் போகிறீர் என்று கேட்டுத்தான் விட்டார். அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது, மகனே. நீ சொன்னது முழுதும் உண்மை. இருக்கையில் அமர்ந்ததும் தொலைபேசி அடித்தது, உன் அம்மா. "இஞ்சாருங்கோ, பெட்டித் திறப்பு எங்கை? பெடியன் பாக்கப் பாவமாக் கிடக்கு" என்றாள். திறவுகோல் என் காற்சட்டைப் பையில் இருந்தது. தொடருந்து இன்னும் நகரவில்லை. உன்னை வாட்டர்லூவுக்கு வரச்சொல்லி இறங்கியிருக்கலாம். பூட்டை உடைக்கச் சொல்லியிருந்தால் நீ உடைத்திருப்பாய், பிற்பகல் தொடருந்தில் வந்திருப்பாய். நான் சொன்னது இதுதான்: "தேடாதை. என்னட்டைக் கிடக்கு." சொல்லிவிட்டுத் தொலைபேசியை அணைத்தேன்.

அக்கா அன்று மாலை தெளிவாக இருந்தார். என்னைக் கண்டதும் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "எங்கை பெடியன்?" என்றார். வாறான் அக்கா, வழியிலை நிக்கிறான் என்றேன். பொய் சொன்னேன், மகனே. ஆயிரம் மேடைகளில் பொய்மையைச் சாடிய வாயால், இறக்கும் தமக்கையிடம் பொய் சொன்னேன். அவர் நம்பினார். நம்பிய முகத்தோடு, "அட்டையோடை வாறானோ?" என்று கேட்டுச் சிரித்தார். ஓம் என்றேன். அதன்பின் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும், செவிலியர் வந்தாலும் உன் மச்சாள் வந்தாலும், தலையைத் திருப்பினார். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிவரை திருப்பிக்கொண்டே இருந்தார். இதைச் சொன்னால் நீ என்னை மன்னிக்கவே மாட்டாய் என்று அஞ்சித்தான் இரண்டாண்டு சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததாலும் நீ மன்னிக்கவில்லை. ஆகவே உண்மையாவது உன்னிடம் இருக்கட்டும். மாமி உன்னை மறந்துபோகவில்லை, உன்மேல் குறைப்படவும் இல்லை. நீ வந்துகொண்டிருக்கிறாய் என்ற நினைவோடுதான் போனார்.

திரும்பி வந்து பெட்டியைத் திறந்து உன் அட்டையை உணவு மேசையில் வைத்தேன். நீ எடுத்துக்கொண்டாய். அடுத்த மாதமே குட்மேய்சில் நண்பர்களோடு வீடெடுத்துப் போய்விட்டாய். புதிய கடவுச்சீட்டு அஞ்சலில் மோர்டனுக்கு வந்தது. கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. மாறாக, அந்த அட்டை ஒன்றோடு ஐரோப்பா முழுதும் சுற்றினாய். மாட்ரிட்டிலிருந்தும் பிராகாவிலிருந்தும் ரோமிலிருந்தும் அம்மாவின் பெயருக்குப் பட அஞ்சல் வரும். ஒவ்வொன்றின் கீழும் ஒரே வரி எழுதியிருப்பாய்: "ஒருத்தரும் மறிக்கேல்லை." அம்மாவுக்கு எழுதினாலும் அது எனக்கென்பது தெரியும். அவற்றை அவள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். காலையில் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் படிக்கிறேன். தொடக்கத்தில் தைத்தது. பின்பு, உண்மையைச் சொன்னால், அடுத்தது எங்கிருந்து வருமென்று எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டேன். என் மகன் கால்பட்ட ஊர்களை எண்ணி ஒரு கிழவன் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறான் என்பது உனக்குத் தெரியாது.

இப்போது பினாங்கு. அட்டை அங்கே செல்லாது. கடவுச்சீட்டு வேண்டும். மணமேடைக்குப் போகிறவனுக்குத் தந்தை சொல்ல வேண்டியவை எத்தனையோ உண்டு, நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். உன் மனைவியின் கடவுச்சீட்டை நீ வாங்கி வைக்காதே. பத்திரமாக இருக்கும் என்று சொல்லிக்கூட வாங்காதே. பத்திரம் என்ற சொல்லால்தான் நான் உன் அம்மாவை இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கேட்டுப் போகவைத்தேன். பாரிசில் இருக்கும் தன் தங்கையைப் பார்க்கக்கூட அவள் என் சட்டைப்பையைப் பார்க்க வேண்டியிருந்தது. அடித்ததில்லை, அதட்டியதுகூட அரிது. ஆனால் திறவுகோல் என்னிடம் இருந்தது. அன்புள்ளவன் கையில் இருந்தாலும் பூட்டு பூட்டுத்தான். நேற்று அவளுடைய ஆவணங்களை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன, விடுதலை நாளோ? அப்ப நாளைக்கே பாரிசுக்குப் போறன், சோறு நீங்களே வடியுங்கோ" என்றாள். சொல்லிவிட்டுக் கடவுச்சீட்டை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தாள். பழக்கம் விட நாளாகும்.

இன்னொன்று. சென்ற மாதம் நானும் தூதரகத்துக்குப் போனேன். எனக்கும் ஓர் அடையாள அட்டை எடுத்திருக்கிறேன். படம் வடிவாயில்லை. சாளரத்தில் இருந்த பெண் அதை நீட்டியபோது இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து பூங்காவின் இருக்கையில் அமர்ந்து, நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குணாவின் அட்டை என்னிடமே இருக்கட்டும். அதைச் சுமக்க வேண்டியவன் நான், நீ அல்லன். உன் அட்டையின்மேல் அவன் நிழலை விழவிட்டதுதான் நான் உனக்கிழைத்த பிழை.

ஆகவே மகனே, கேள். திங்கட்கிழமை தூதரகத்துக்குப் போகாதே. பொய்யில் கையொப்பமிடாதே. நம் வீட்டில் ஒரு பொய் போதும், அதை நான் சொல்லியாயிற்று. இவ்விதழ் வியாழனன்று குட்மேய்ஸ் கடைகளுக்கு வரும். வெள்ளி மாலை வேலை முடிந்ததும் மோர்டனுக்கு வா. பெட்டியின் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டேன். உன் கடவுச்சீட்டை நீயே எடு, என் கையால் வாங்க வேண்டியதில்லை. இரவு தங்கு. உன் அம்மா நண்டு வாங்கி வைத்திருப்பாள். சனி காலை ஏழு மணிக்குச் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்திலிருந்து டோட்மண்டுக்கு இரண்டு இருக்கைகள் எடுத்திருக்கிறேன், ஒன்று உன் பெயரில். திருமண அழைப்பிதழின் முதற்படியை மாமியின் படத்தின் முன் வைக்க வேண்டும். உன் மச்சாளுக்குச் சொல்லிவிட்டேன், கதவைப் பாதி திறந்து வைப்பாள். கடவுச்சீட்டுகள் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, நாமிருவரும் அட்டையோடு போவோம். எல்லை வரிசையில் நீ எனக்கு முன்னே நில். எப்படி நீட்டுவது என்று காட்டு.

இனிப் படிக்க ஒன்றுமில்லை. தொலைபேசியை எடு. அம்மாவைக் கூப்பிட்டு, வாறன் என்று சொல். இப்போதே சொல்.